பாலைப் பிளவில் ஒரு பகல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவது நம் சங்கத்து மரபு. இம்முறை செயலாளர் அவர்கள் என்னிடம் வேறொன்றைக் கேட்டுக்கொண்டார். அமெரிக்காவிலுள்ள மக்களைக் காணச் செல்லாத குடும்பம் நம் காலனியில் இன்று அரிதாகிவிட்டது. அவர்களுள் அரிசோனா மாநிலத்துக்குச் செல்வோரும் பலர். சென்ற சில நாட்களில் பிள்ளைகள், "அப்பா, ஞாயிற்றுக்கிழமை ஒரு சிறு நடை போய் வருவோம், எளிதான வழிதான்" என்று அழைப்பார்கள். அந்த 'எளிதான வழி' என்ற சொல்லைப் பற்றியே நான் இன்று பேச வந்தேன். மலையேறும் வீரர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. முழங்காலைத் தடவிக்கொண்டு எழுந்திருக்கும் என் வயதினருக்கும், பேரப் பிள்ளையைக் கையில் பிடித்து நடப்பவருக்கும் பயன்படுவதையே சொல்லுவேன்.

பாலை என்றவுடன் நம் மனத்தில் மணல்மேடும் ஒட்டகமும் தோன்றும். நம் முன்னோர் பாலையைத் தனி நிலமாகக்கூடக் கொள்ளவில்லை; முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் கொடுமையால் வளங்குன்றி அடைகிற வடிவமே பாலை என்பது இளங்கோவடிகளின் கருத்து. அரிசோனாவின் தென்பகுதியில் பரந்து கிடக்கும் சொனோராப் பாலையோ நிலையான பாலை. ஆயினும் மொட்டைப் பாலை அன்று. ஆண்டில் இருமுறை, குளிர்காலத்தில் ஒரு முறையும் கோடையின் பிற்பகுதியில் ஒரு முறையும், அங்கே மழைக்காலம் உண்டு. சகுவாரோ என்னும் கள்ளி, கைகளைத் தூக்கிய மனிதனைப் போல, நாற்பது அடிக்கு மேலும் வளர்ந்து நிற்கும். அதன் பக்கக் கிளை ஒன்று தோன்றவே ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும் என்றால், அந்த நிலத்தின் நிதானம் உங்களுக்கு விளங்கும்.

இந்தப் பாலையின் நடுவே, டூசான் நகருக்கு வடகிழக்கில் ஏறக்குறைய 60 மைல் தொலைவில், அரவைப்பா என்று ஒரு மலையிடுக்கு இருக்கிறது. பெயர் நம் ஊர்ப் பெயர் போல ஒலிக்கிறது. ஒலியைத் தவிர வேறு உறவு இல்லை. இத்தகைய இடுக்கை ஆங்கிலத்தார் கான்யன் என்பர். ஓர் ஓடை பன்னெடுங்காலம் பாறையை அறுத்து உண்டாக்கிய வழி இது. நீளம் சுமார் 12 மைல். சில இடங்களில் இருபுறமும் பாறைச் சுவர் 1,000 அடி வரை எழும்புகிறது. வறண்ட மலைகளுக்கிடையே இந்த ஓடை மட்டும் ஆண்டு முழுவதும் ஓடுகிறது. மேலே பள்ளத்தாக்கில் ஆற்றுப்படுகை வெறும் மணலாகத் தெரியும். நீர் மணலுக்கு அடியில் செல்லும். இடுக்கை நெருங்கும்போது அது ஊற்றாக வெளிப்பட்டு ஓடையாகிவிடுகிறது. கோடையில் வைகைப் படுகையிலும் பாலாற்றுப் படுகையிலும் ஊற்றுத் தோண்டி நீர் எடுத்த தாய்மார்களுக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

நீர் இருப்பதால் அங்கே பெருமரங்கள் நிழல் தருகின்றன. அரிய சிறு மீன்கள் உள்பட அந்நாட்டுக்கே உரிய ஏழு வகை மீன்கள் அந்த ஓடையில் வாழ்கின்றன. சுவர்ப்பாறையில் வளைந்த கொம்புடைய காட்டாடுகள் நிற்பதைக் கீழிருந்து காணலாம். 1984-ஆம் ஆண்டில் இவ்விடம் சட்டப்படி வனாந்தரமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 19,410 ஏக்கர்.

வனாந்தரம் என்ற சொல்லைச் சற்று நிறுத்திக் கேளுங்கள். அமெரிக்கர் 1964-ஆம் ஆண்டில் வனாந்தரச் சட்டம் என ஒன்றை இயற்றினர். அச்சட்டத்தின்கீழ் வரும் நிலத்தில் சாலை போடலாகாது, மோட்டார் ஓடலாகாது, கட்டடம் எழுப்பலாகாது. இதைக் கேட்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் இதன் மறுபக்கம் ஒன்றுண்டு. தேநீர்க் கடை இல்லை. குடிநீர்க் குழாய் இல்லை. வழிகாட்டும் பலகை இல்லை. கைப்பேசிக்கு அலை எட்டுவதில்லை. அரவைப்பாவில் வெட்டிச் செப்பனிட்ட பாதை கிடையாது. பலர் நடந்து தேய்ந்த ஒற்றையடித் தடம் கரையில் சிறிது தூரம் செல்லும். பிறகு நீருக்குள் இறங்கி மறைந்துவிடும். ஓடையே பாதை. கணுக்கால் அளவு, சில இடங்களில் முழங்கால் அளவு நீரில் திரும்பத் திரும்ப இறங்கி ஏற வேண்டும். ஏற்றம் மிகக் குறைவு. ஆகவே வழி எளிது என்கிறார்கள். அது உண்மையே. எளிய வழியிலும் உயிருக்கு இடர் நேரும் என்பதும் அவ்வளவு உண்மை.

முதலில் அனுமதியைப் பற்றி. நாள் ஒன்றுக்கு 50 பேரே உள்ளே செல்லலாம்: மேற்கு வாயிலில் 30, கிழக்கு வாயிலில் 20. ஒரு குழுவில் 10 பேருக்கு மேல் கூடாது. நாயை அழைத்துச் செல்ல இயலாது. மத்திய அரசின் நில மேலாண்மைத் துறை இணையத்தின் வழியாகச் சிறு கட்டணத்துக்குச் சீட்டு வழங்குகிறது. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் வார இறுதிச் சீட்டுகள் மிக முன்னதாகவே தீர்ந்துவிடும். நம்மவர் சிலர், "போய்ப் பார்த்துக்கொள்ளலாம், யார் கேட்கப் போகிறார்கள்?" என்பர். அந்தப் பேச்சு அங்கே வேண்டாம். ஐம்பது பேர் என்னும் வரம்பினாலேயே அந்த ஓடையில் மீனும் மௌனமும் எஞ்சியிருக்கின்றன. வாரநாளில் செல்ல முடிந்தால் இடமும் கிடைக்கும், கூட்டமும் இராது. ஓய்வு பெற்ற நமக்கு ஞாயிறு என்ன, புதன் என்ன?

இரண்டு வாயில்களுள் நமக்கு மேற்கு வாயிலே ஏற்றது. அதற்குக் கடைசி சில மைல்கள் மண்பாதை. கிழக்கு வாயிலுக்கு நெடுந்தூரம் மண்பாதையில் ஊர்ந்து, ஓடையையே வண்டியால் பலமுறை கடந்து செல்ல வேண்டும். ஒரு வாயிலில் புகுந்து மறு வாயிலில் வெளியேறும் ஆசையையும் விட்டுவிடுங்கள். ஒரு முனையில் விட்ட வண்டியை மறு முனைக்குக் கொண்டு வருவதற்கு மலையைச் சுற்றிப் பல மணி நேரம் ஓட்ட வேண்டும். போன வழியே திரும்புவதுதான் ஒரு பகல் நடைக்கு அழகு. திரும்பும்போது வெயில் வேறு பக்கம் விழுவதால் அதே பாறை வேறு நிறமாகத் தெரியும், ஏமாற்றம் ஒன்றுமில்லை.

எந்த மாதம் செல்வது? மார்ச், ஏப்ரல் மாதங்களும் அக்டோபர், நவம்பர் மாதங்களும் உகந்தவை. நவம்பரில் ஓடைக்கரை மரங்கள் பொன்னிறமாக மாறியிருக்கும். குளிர்காலத்தில் நீர் கடுங்குளிராக இருக்கும். ஆழ்ந்த இடுக்கில் சூரியன் தாமதமாக வந்து விரைவில் மறைவான். நனைந்த காலோடு நடுங்குவது வயதானவருக்கு ஆகாது. ஜூன் முதல் செப்டம்பர் வரை செல்லவே வேண்டாம் என்பது என் கருத்து. வெப்பம் ஒரு காரணம். அதனினும் பெரிய காரணம் மழை.

நண்பர்களே, இங்கேதான் நான் சற்று விரிவாகப் பேச வேண்டும். பாலையில் மனிதன் தாகத்தால் சாவான் என்பது நமக்குத் தெரியும். பாலையில் வெள்ளத்தால் சாவான் என்றால் நம்ப மாட்டோம். அரிசோனாவின் வடகோடியில் ஆன்டிலோப் கான்யன் என்றொரு குறுகிய இடுக்கு உண்டு. கைகளை விரித்தால் இருபுறமும் தொடும் அளவு குறுகிய இடங்கள் அதில் இருக்கின்றன. 1997 ஆகஸ்டு 12-ஆம் நாள் அங்கே இறங்கிய பயணிகளில் 11 பேர் வெள்ளத்தில் மாண்டனர். அவர்கள் நின்ற இடத்தில் மழை பெரிதாகப் பெய்யவில்லை. சில மைல்களுக்கு அப்பால் மேட்டு நிலத்தில் கொட்டிய மழை, ஈரத்தை உறிஞ்சாத பாறையிலும் கெட்டித்த மண்ணிலும் வழிந்து, ஒரே வாய்க்காலில் திரண்டு, மரமும் மண்ணும் கல்லுமாக அவர்கள்மேல் வந்து விழுந்தது.

2015 செப்டம்பர் 14-ஆம் நாள், யூட்டா மாநிலத்து சயன் தேசியப் பூங்காவில் இன்னொரு குறுகிய இடுக்கில் 7 பேர் இவ்வாறே மாண்டனர். அன்று காலை அவர்கள் முறைப்படி அனுமதிச்சீட்டு பெற்றவர்கள். வெள்ளம் வரக்கூடும் என்ற எச்சரிக்கையும் அவர்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. இதிலிருந்து நாம் அறிய வேண்டியது, அனுமதிச்சீட்டு உள்ளே விடுமே ஒழியக் காப்பாற்றாது என்பது. 'இன்று போகாதே' என்று அங்கே யாரும் கையைப் பிடித்து நிறுத்துவதில்லை. அந்த முடிவை அந்நாட்டார் நடப்பவனிடமே விட்டுவிடுகின்றனர். அதிகாரி விட்டால் ஆபத்து இல்லை என்று எண்ணிப் பழகிய நமக்கு இது புதிது.

அரவைப்பா அவ்வளவு குறுகியது அன்று. பல இடங்களில் ஏறி நிற்க மேட்டுத் திட்டுகள் உண்டு. ஆயினும் அந்த ஓடைக்கு நீர் தரும் நிலப்பரப்பு 500 சதுர மைலுக்கு மேற்பட்டது. அவ்வளவு நிலத்திலும் விழும் மழைக்கு வெளியேற இந்த ஒரு வழியே உண்டு. 1983 அக்டோபரில் தெற்கு அரிசோனா முழுவதும் பெருவெள்ளத்தில் மூழ்கியது. அரவைப்பாவும் அதற்குத் தப்பவில்லை. நடக்கும்போது தலையை நிமிர்த்தி மரங்களைப் பாருங்கள். தலைக்கு மேலே கிளைக் கவட்டில் சருகும் சுள்ளியும் கட்டைகளும் சிக்கியிருக்கும். பறவைக் கூடு என்று எண்ணிவிடாதீர்கள். ஒரு நாள் நீர் அந்த உயரத்தில் ஓடியது என்பதற்கு அதுவே சாட்சி.

ஆகவே புறப்படும் முன் நம் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்தால் போதாது. ஓடை எங்கிருந்து வருகிறதோ அந்த மேட்டு நிலத்து வானிலையைப் பார்க்க வேண்டும். முந்திய இரவும் அன்று காலையும் அந்நாட்டு வானிலைச் சேவையின் அறிவிப்பைப் படியுங்கள். திடீர் வெள்ளம் என்ற சொல் அதில் எவ்வகையில் வந்தாலும் சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வீட்டில் இட்லி சாப்பிடுங்கள். கட்டணம் போயிற்றே என்ற கணக்கு வேண்டாம். உள்ளே சென்றபின் தெளிந்த நீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலிருந்து புகைவண்டி வருவது போன்ற ஓசை கேட்டாலோ, ஒரு கணமும் நில்லாமல் பக்கத்து மேட்டில் ஏறுங்கள். பை கிடக்கட்டும், செருப்பு கிடக்கட்டும். ஓடையின் வழியே கீழ்நோக்கி ஓட முயல வேண்டாம். நீர் உங்களினும் விரைவாக ஓடும். ஏறிய இடத்தில் நீர் வடியும் வரை காத்திருங்கள்.

வண்டிக்கும் இதே விதி. சாலையின் குறுக்கே வெள்ளம் ஓடினால் நின்றுவிட வேண்டும். தடுப்பு வைத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு வெள்ளத்தில் வண்டியை விட்டு மாட்டிக்கொள்பவனிடமிருந்து மீட்புச் செலவை வசூலிக்க அரிசோனாவில் 1995-ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் இருக்கிறது. ஊரார் அதற்கு இட்ட பெயர் 'மூட ஓட்டுநர் சட்டம்'. நம் நகரசபையும் இத்தகைய பெயர் சூட்டத் துணிந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

இனித் தண்ணீர். ஓடையில் நீர் ஓடுகிறதே என்று வெறுங்கையோடு செல்லலாகாது. மேலே மாடுகள் மேயும் நிலம். அந்த நீரை வடிகட்டாமலோ காய்ச்சாமலோ குடித்தால் வயிறு கெடும். ஒரு பகல் நடைக்கு ஆளுக்கு நான்கு லிட்டர் எடுத்துச் செல்லுங்கள். சுமை என்று முணுமுணுப்போர் இருப்பர். அந்தச் சுமை மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும் என்று அவர்களுக்குச் சொல்லலாம். வறண்ட காற்றில் வியர்வை தோன்றிய மாத்திரத்தில் உலர்ந்துவிடுவதால், நம் சென்னை வெயிலைப் போலச் சட்டை நனையாது; 'எனக்கு வியர்க்கவே இல்லை' என்று ஏமாந்துபோவோம். தாகம் எடுக்குமுன் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். ஆனால் வெறும் நீரையே மிகுதியாகக் குடித்து உப்பைச் சேர்க்காவிட்டால் இரத்தத்தில் உப்பு குறைந்து மயக்கம் வரும். அதுவும் உயிருக்குத் தீங்கானது. இதற்கு அவர்கள் கடையில் பொடி விற்கிறார்கள். உப்பும் எலுமிச்சையும் சர்க்கரையும் கலந்த நம் பானகம் எவ்விதத்திலும் குறைந்ததன்று. இரத்த அழுத்தத்துக்கு மருந்து உண்பவர்கள் மட்டும் உப்பு, நீர் இரண்டின் அளவையும் தம் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

உணவுக்குப் புளியோதரையைவிடச் சிறந்தது உண்டோ? வெயிலில் கெடாது; உப்பும் இருக்கிறது. தயிர்சாதம் அந்த வெயிலில் புளித்துவிடும். எதைக் கொண்டுபோனாலும் இலை, காகிதம், ஆரஞ்சுத் தோல் உள்பட அனைத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டும். ஆற்றங்கரை என்றாலே கட்டுச்சோற்று இலையை வீசுவது நம்மவர் வழக்கம். அது பாலையில் மக்குவதற்கு நெடுங்காலம் ஆகும். இயற்கை அழைப்புக்கு ஓடையிலிருந்து 200 அடி தள்ளிச் சென்று, ஒரு சாண் குழி தோண்டி மூட வேண்டும். காகிதத்தைப் பையில் எடுத்து வந்துவிட வேண்டும்.

உடையைப் பற்றித் தாய்மார்கள் கேட்பார்கள். முழங்கால் நீரில் புடவை இழுத்துத் தடுக்கும். சல்வார் உடையே வசதி. காலுக்குச் செருப்பு உதவாது. நனைந்தாலும் கழலாத, அடியில் பிடிப்புள்ள பழைய துணிக்காலணியும் கம்பளிக் காலுறையும் போதும். புதுக் காலணியை அன்றைக்கு அணிந்தால் கொப்புளம் உறுதி. பாசி படிந்த கல்லில் இரண்டு கால்கள் போதமாட்டா, ஊன்றுகோல் மூன்றாங்காலாகும். அதைக் கொண்டு கலங்கிய நீரின் ஆழத்தையும் பார்க்கலாம். சோயா என்றொரு கள்ளியின் முட்துண்டு தொட்ட மாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கினால் கையிலும் ஏறும். ஒரு சீப்பை இடையில் விட்டு நெம்பினால் கழன்றுவிடும். நம் ஊர்ப் பருத்தித் துண்டைக் கட்டாயம் கொண்டு போங்கள். ஓடையில் நனைத்துத் தலையிலும் கழுத்திலும் போட்டுக்கொண்டால் அதற்கு நிகரான குளிர்ச்சி வேறில்லை. ஒருவர் பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, திசை தெரியாமல் விழித்தாலோ அது வெப்பத்தின் தாக்குதல். உடனே நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் நனைத்து விசிறுங்கள். அவர் தெளியுமுன் நடக்க வையாதீர்கள். உதவிக்கு ஒருவர் வெளியே செல்லட்டும். துணையாக ஒருவர் அருகிலேயே இருக்கட்டும்.

இவ்வளவையும் செய்தும் பலர் தடுமாறும் இடம் ஒன்றுண்டு. அது திரும்பும் நேரம். நீரிலும் கூழாங்கல்லிலும் நடப்பவர் மணிக்கு ஒன்றரை மைல் கடந்தால் அதிகம். குழந்தையும் முதியவரும் சேர்ந்தால் ஒரு மைல். காலை ஏழு மணிக்கு இறங்கினால் பத்தரை மணிக்குத் திரும்புவது என்று வீட்டிலேயே, முந்திய இரவே முடிவு செய்துவிடுங்கள். எவ்வளவு தூரம் செல்வோம் என்று கணக்கிடாதீர்கள். எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று கணக்கிடுங்கள். ஏனென்றால், ஒவ்வொரு வளைவும், 'அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதோ' என்று அழைத்துக்கொண்டே இருக்கும். பத்தரைக்குப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது எல்லாரும் உற்சாகமாகவே இருப்பர்; அந்த உற்சாகத்தோடு முடிவு எடுத்தால் தவறான முடிவே வரும். எங்கள் குழுவில் மணி பார்க்கும் பொறுப்பை என் மருமகளிடம் கொடுத்தோம். அவள் சொன்னால் மறுபேச்சு இல்லை. மாமனார் என்ற மரியாதை அன்றைக்கு மட்டும் செல்லாது என்று முதலிலேயே ஒப்புக்கொண்டு சென்றேன்.

எங்கே செல்கிறோம், எந்த வாயில், எத்தனை மணிக்குள் திரும்பி வந்து தொலைபேசியில் சொல்வோம், சொல்லாவிட்டால் யாரை அழைப்பது என்பதை எழுதி, வீட்டிலிருக்கும் ஒருவரிடம் கொடுத்துச் செல்லுங்கள். திரும்பியதும் அவருக்குச் சொல்ல மறவாதீர்கள். இல்லையேல் நீங்கள் உணவு விடுதியில் அமர்ந்திருக்க, மீட்புப் படை உங்களை மலையில் தேடும்.

நடப்பவர் அந்த இடத்தின் கதையையும் அறிந்து செல்ல வேண்டுமென விரும்புகிறேன். இந்த ஓடை கீழே சான் பெட்ரோ ஆற்றோடு கலக்குமிடத்தில் முன்பு காம்ப் கிராண்ட் என்ற படைமுகாம் இருந்தது. இம்மண்ணுக்குரிய அப்பாச்சி மக்களில் ஒரு பிரிவினர் போரை விடுத்துப் படையின் பாதுகாப்பை நம்பி அதனருகே குடியிருந்தனர். 1871 ஏப்ரல் 30-ஆம் நாள் விடியற்காலையில், டூசானிலிருந்து திரண்டு வந்த ஒரு கூட்டம் அவர்களைத் தாக்கி, நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. மாண்டவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். குழந்தைகள் சிலரைப் பிடித்துக்கொண்டும் சென்றனர். அவ்வாண்டு இறுதியில் வழக்கு நடந்தது. குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரும் விடுதலையாயினர். அங்கே நடக்கையில் பேரன் என்னிடம், "இங்கே முன்பு யார் இருந்தார்கள், தாத்தா?" என்று கேட்டான். தெரிந்ததைச் சொன்னேன். சிறிது தூரம் அவன் பேசாமல் நடந்தான்; பிறகு ஒரு மீனைக் கண்டு ஓடினான்.

வரும் மார்ச்சில் செல்ல எண்ணுவோர் இப்போதே பிள்ளைகளிடம் சொல்லி வைத்தால்தான் சீட்டுக் கிடைக்கும். வண்டியில் ஆளுக்கு ஒரு மாற்றுடையும், உலர்ந்த காலணியும், நான் சொன்ன நான்கு லிட்டருக்கு மேல் இன்னும் ஒரு குடம் நீரும் வைத்துவிட்டு இறங்குங்கள். மண்பாதை முழுவதையும் பகல் வெளிச்சத்திலேயே கடந்துவிடுங்கள்.